புகார் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் கடலைக் கைகாட்டாதீர்கள்

பூம்புகாருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். தை பிறந்துவிட்டால் எங்கள் மயிலாடுதுறை சாலைகளில் உங்கள் பஸ்கள் வர ஆரம்பித்துவிடும். முன்கண்ணாடிக்குக் கீழே பள்ளியின் பெயர் எழுதிய துணி, ஜன்னலுக்கு ஜன்னல் கையசைக்கும் பிள்ளைகள், உள்ளே காது கிழியும் சினிமாப் பாட்டு. டீக்கடை வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தும் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன். வண்டி எங்கே போகிறது என்று கேட்க வேண்டியதே இல்லை. காலையில் வைத்தீஸ்வரன் கோயில், அப்புறம் திருவெண்காடு, பதினோரு மணி வாக்கில் பூம்புகார், மத்தியானம் தரங்கம்பாடி, பொழுது சாய நாகூர், இருட்டிய பிறகு வேளாங்கண்ணி. நாற்பது வருடமாக இதே வரிசைதான். வரிசையைப் போட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஒரு தலைமையாசிரியர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் டிரைவருக்குச் சொல்லி, இப்போது டிரைவர்தான் நமக்குச் சொல்கிறார்.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. முப்பத்தொரு வருடம் தமிழாசிரியராக இருந்தேன். பிள்ளைகளைப் பூம்புகாருக்கு இருபது முறையாவது கூட்டிப் போயிருப்பேன். அந்த இருபது முறையும் நான் செய்த தவறு ஒன்று உண்டு. அதை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பை அழைத்துப் போயிருந்தோம். வழக்கம்போலச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் இருபது நிமிஷம், கடற்கரையில் முக்கால் மணி நேரம். பிள்ளைகள் அலையில் கால் நனைத்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள். அதிகம் பேசாத பிள்ளை.

"ஐயா, ஊர் எங்கய்யா இருக்கு?"

"எந்த ஊரும்மா?"

"புகார். கண்ணகியோட ஊர்."

நான் கடலைக் கைகாட்டினேன். "அதோ, எல்லாம் உள்ள போயிடுச்சு."

அவள் கொஞ்ச நேரம் கடலையே பார்த்தாள். பிறகு, கோபமெல்லாம் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டாள்: "அப்ப நாம எதைப் பாக்க வந்தோம்?"

சிரித்து மழுப்பிவிட்டு விசிலை ஊதினேன். பஸ் ஏறினோம். அன்றைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் கீழையூரைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கம்பி வேலிக்குள், அந்தப் பெண் கேட்ட ஊரின் ஒரு துண்டு வெயிலில் கிடந்தது. எனக்கே அது தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு, வேறு வேலை இல்லாமல் சைக்கிளில் சுற்றியபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பாடம் நடத்தி முடித்த பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்த கதைதான்.

அங்கே இருப்பது ஒரு படகுத்துறை. செங்கல்லால் கட்டியது. இன்றைய செங்கல்லைவிட நன்றாகப் பெரிய கல். பார்த்ததும் மலைத்துப் போகிற மாதிரி எதுவும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபுரம் கிடையாது, சிலை கிடையாது. பள்ளத்துக்குள் ஒரு பழைய சுவர், அவ்வளவுதான். "இதுக்கா சார் வந்தோம்" என்று பின்பெஞ்சுப் பையன் ஒருவன் நிச்சயம் சொல்வான். சொல்லட்டும். அவனை முன்னால் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்க வேண்டும்.

இந்தியத் தொல்லியல் துறை இந்தப் பகுதியில் 1963 முதல் 1973 வரை அகழாய்வு செய்தது. கே. வி. சௌந்தரராஜன் எழுதிய அறிக்கை 1994இல்தான் அச்சில் வந்தது. கீழையூரில் செங்கல் கட்டுமானத்தோடு மரத்தூண்களும் கிடைத்தன. கார்பன் கணக்கில் அவற்றின் வயது கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டி வந்தது. அதாவது அசோகர் காலத்தை ஒட்டி. தூண்கள் எதற்கு? படகு கட்டுவதற்கு.

தமிழாசிரியராக இருப்பவருக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறிய வேண்டும். பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. உப்பை விற்று, அதற்கு ஈடாக நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பிய படகுகளைக் கழிக்கரையில் முளைகளில் கட்டிவைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு லாயத்தில் குதிரைகளைக் கட்டியது போல இருக்கிறது என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். இந்த உவமையை நான் முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதி, அடியில் கோடு போட்டு, "இரண்டு மதிப்பெண் வினா" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். படகு கட்டிய துறையும் தூணும் பள்ளியிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்தன. கவிஞர் பார்த்தது இதே தூண்களைத்தான் என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்லவும் கூடாது. பாட்டுக்கும் தூணுக்கும் நடுவே சில நூற்றாண்டுகள் இருக்கலாம். ஆனால் பாட்டில் வரும் ஊரும் மண்ணிலிருந்து வந்த ஊரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் இடம் அது. பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை அங்கே நின்று வாசிக்கச் சொல்லுங்கள். மைக் வேண்டாம்.

சரி, துறை என்றால் தண்ணீர் எங்கே என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கடல் கண்ணுக்கே தெரியாது, சுற்றிலும் வயலும் வீடும். இங்கே எப்படிப் படகு வந்தது? அன்றைய காவிரியின் ஒரு கிளையோ கழியோ இந்த இடம் வரைக்கும் இருந்திருக்கிறது. ஆறு தடம் மாறியது, வண்டல் மேடிட்டது, துறை மண்ணுக்குள் போயிற்று. இந்த ஒரு பள்ளத்தை வைத்து புவியியல் ஆசிரியர் ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம். "கடல் ஊரை விழுங்கிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவந்த கதைக்குள் ஆறு என்று இன்னொரு பாத்திரம் வருகிறது பாருங்கள்.

புகார் என்ற சொல்லுக்கே ஆறு கடலில் புகும் இடம் என்றுதான் பொருள். புறநானூற்றின் 30ஆம் பாட்டில், பாய்மரத்தை இறக்காமல், பாரத்தைக் குறைக்காமல், பெருங்கலம் அப்படியே ஆற்றுமுகத்துக்குள் நுழைகிறது. அவ்வளவு ஆழமான முகத்துவாரம். இன்றைக்குச் சங்கமத் துறையில் போய் நில்லுங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் முங்கி எழும் இடம். மற்ற நாட்களில் பல மாதம், காவிரி வந்து சேரும் இடமா இது என்று பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். முக்கொம்பிலேயே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்துவிடுகிறது, வெள்ளத்தை அதுதான் வாங்கிக்கொண்டு போகிறது. மிச்சம் வருவதைத் தஞ்சை வயல்கள் குடிக்கின்றன. மேலையூரில் ஒரு கதவணை இருக்கிறது. காவிரியின் கடைசிக் கதவணை. மேட்டூர் திறந்து பல நாள் கழித்துத் தண்ணீர் அங்கே வந்து சேரும்போது எங்கள் விவசாயிகள் பூத்தூவி வரவேற்பார்கள். பஸ்ஸை நிறுத்த முடிந்தால் அதையும் காட்டுங்கள். குடகில் பிறந்த ஆற்றின் வாலைப் பிடித்துப் பார்த்த பிள்ளை, காவிரிப் பிரச்சினை பற்றிய செய்தியை டிவியில் வேறு மாதிரிதான் கேட்கும்.

அப்புறம் பல்லவனீச்சரம். கோயிலுக்குள் போய்க் கும்பிட வேண்டும் என்று சொல்லவில்லை, விருப்பமிருப்பவர்கள் கும்பிடட்டும், சம்பந்தர் பாடிய தலம். நான் சொல்வது அதன் பக்கத்தில் இருக்கும் புத்த விகாரையின் அடித்தளத்தை. வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். துறவிகள் தங்கியவை. கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்த பாதம் ஒன்றும் இந்த அகழாய்வில் கிடைத்தது. மேலையூரில் சிறிய புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பாலி மொழியில் எழுதிய புத்ததத்தர் என்ற துறவி, 5ஆம் நூற்றாண்டில், காவேரிப்பட்டினத்து (புகாரின் இன்னொரு பெயர்) மடம் ஒன்றில் உட்கார்ந்து எழுதியதாகத் தன் நூலிலேயே குறிப்பிடுகிறார். மணிமேகலையை நாம் மதிப்பெண்ணுக்காக நடத்துகிறோம். அவள் நடந்த ஊரில் பௌத்தம் எப்படி இருந்தது என்பதற்குக் கால் வைத்து நிற்க ஓர் இடம் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் சிவன் கோயில். ஒரே ஊருக்குள் எத்தனை சாமி, எத்தனை பாஷை என்று நீங்கள் பேசவே வேண்டாம், பிள்ளைகளே எண்ணிக்கொள்வார்கள்.

ஊர்ப் பெயர்களையும் விடாதீர்கள். வழிகாட்டிப் பலகையில் மணிக்கிராமம் என்று ஒரு பெயர் வரும். சாதாரணக் கிராமம்தான். ஆனால் அந்தப் பெயர் ஒரு வணிகக் குழுவின் பெயர். கொல்லத்தில் 849இல் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அது இருக்கிறது. தாய்லாந்தின் தகுவா பா என்ற இடத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாரிடம் கொடுக்கப்படுகிறது. அந்தப் பெயர் இங்கே பஸ் ஸ்டாப்பாக நிற்கிறது. நாம் அதைக் கடக்கும்போது அந்தாக்ஷரி ஆடிக்கொண்டிருக்கிறோம்.

கலைக்கூடத்தைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அதன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. எழுநிலை மாடம், சுவர்களில் கல்லில் செதுக்கிய சிலப்பதிகாரக் காட்சிகள், வெளியே பாவை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம். காவியத்தைக் கல்லில் வாசிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. சின்ன வயதில் நானே அங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் அது 1973இல் கட்டியது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாததால் என்ன ஆகிறது தெரியுமா? கோவலன் வாழ்ந்த வீடு அதுதான் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடைத்தாளிலேயே அப்படி எழுதியிருந்ததை நான் திருத்தியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். தொல்லியல் துறை தோண்டி முடித்ததும் 1973, கலைக்கூடம் திறந்ததும் 1973. அசலும் நகலும் ஒரே வருடத்தில் வெளிச்சத்துக்கு வந்தன. கூட்டம் நகலின் பக்கம் போய்விட்டது. அசலுக்குப் பெயின்ட் அடிக்க முடியாது அல்லவா. சென்னைப் பிள்ளைகளுக்குப் பூம்புகார் என்றால் குத்துவிளக்கு விற்கும் கடை, அது தனிக் கதை.

இப்போது கடலுக்கு வருகிறேன். பிள்ளைகளிடம் நாம் அதிகமாக அளந்துவிடுவது இங்கேதான்.

மணிமேகலை சொல்லும் காரணம் நமக்குத் தெரியும். மகனைத் தொலைத்த துயரத்தில் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தான், கடல் ஊரைக் கொண்டது. அருமையான கதை. கதையாகவே சொல்லுங்கள். ஆனால் அடுத்த வாக்கியத்தில் வாட்ஸ்அப்பில் வந்ததைச் சேர்க்காதீர்கள். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம், எஸ். ஆர். ராவ் தலைமையில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் இங்கே கடலடி ஆய்வு செய்தது. கரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் போன்ற ஓர் அமைப்பு தென்பட்டது. மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. மனிதர் கட்டியதாக இருந்தால், கடல் மட்டம் அவ்வளவு தாழ்ந்திருந்த காலத்தைத் தேடிப் பல ஆயிரம் வருடம் பின்னால் போக வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று ஏலம் ஏறுகிறது. ஆய்வாளர்களே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கும் இடத்தில் நாம் போய் ஆச்சரியக்குறி போட வேண்டாம். இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துத் துறை ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பழைய கிரேக்க அறிஞர் தாலமி தன் புவியியல் நூலில் கபேரிஸ் என்று இந்த ஊரைக் குறிக்கிறார். அதைவிட என்ன பெருமை வேண்டும்?

கடலுக்குள் சந்தேகமே இல்லாமல் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மூழ்கிய கப்பல் ஒன்று. அதில் ஈயக்கட்டிகள். கட்டிகளில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தன. இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு. சங்க காலத்தைத் தேடிப் போனவர்கள் கையில் கம்பெனி காலம் அகப்பட்டது! பட்டினப்பாலையில் சுங்க அதிகாரிகள் மூட்டைகளின்மேல் புலிச்சின்னம் பொறிக்கிறார்கள். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, அதே கடலில் வந்த சரக்கின்மேல் வேறொருவர் முத்திரை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு வகுப்பை வேடிக்கை பாருங்கள். நான் ஒருமுறை பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், அரை மணி நேரம் போனைத் தொடவில்லை.

கரை ஓரமாகக் கிடைத்தவைதான் ஊர் கடலுக்குள் நீண்டிருந்ததற்கு நல்ல சாட்சி. அலை வந்து திரும்பும் பகுதியிலேயே உறைகிணறுகளும் செங்கல் கட்டுமானமும் வெளிப்பட்டிருக்கின்றன, வானகிரிப் பக்கமும்தான். சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய நல்ல தண்ணீர்க் கிணறு கடலுக்குள் போயிருக்கிறது என்றால், கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஒரே ராத்திரியில் வந்த பிரளயம் என்று நினைத்துக்கொள்வது சுலபம். கரை மெல்லத் தின்னப்படுவதை இன்றைக்கும் கண்ணால் பார்க்கலாம். எதற்காக இவ்வளவு கருங்கல்லைக் கரையில் கொட்டியிருக்கிறார்கள்? பிள்ளைகள் அந்தக் கல்மேல் ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 2025–26 பட்ஜெட்டில், காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை மறுபடியும் கடலடி ஆய்வு செய்யப்போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இன்று உங்கள் பஸ்ஸில் இருக்கும் ஒரு பிள்ளை நாளைக்கு அந்த வேலைக்குப் போகக்கூடாதா என்ன?

கடற்கரைக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கடலைப் பார்க்காத கொங்குநாட்டுப் பிள்ளைக்கு அந்த முதல் அலையை மறுக்க நான் யார்? கானல்வரி பாடப்பட்டது இந்தக் கரையில்தான். இந்திர விழா முடிந்து, முழுநிலா நாளில், யாழை வைத்துக்கொண்டு கோவலன் ஒன்றைப் பாட, மாதவி ஒன்றைப் பாட, இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு குடும்பம் உடைந்தது. மதுரை எரிந்ததற்கான முதல் பொறி விழுந்தது இந்த மணலில். பதினோராம் வகுப்பாக இருந்தால் இதைச் சொல்லலாம், எட்டாம் வகுப்பாக இருந்தால் கிளிஞ்சல் பொறுக்கட்டும்.

ஆனால் குளிக்க விடாதீர்கள். பூம்புகார்க் கடல் குளிக்கிற கடல் இல்லை. முகத்துவாரப் பக்கம் மணல் நிலையாக இருக்காது, நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று கழுத்தளவு இருக்கும். திரும்பும் அலை காலடியிலிருந்து மண்ணை உருவிக்கொண்டு போகும். ஒரு வருடம் எங்கள் பையன் ஒருவனை அலை இழுத்துக்கொண்டு போயிற்று. வலை காய வைத்துக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் பார்த்தார்கள், ஓடினார்கள், தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பையன் பிழைத்தான். அவர்களுக்கு நாங்கள் கொடுக்க வந்த பணத்தை வாங்கவில்லை. அதில் பெரியவர் என்னிடம் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: "சார், நீங்க ஒரு மணி நேரம் வர்றீங்க. நாங்க தினமும் இந்தக் கடலுக்குப் பயந்துகிட்டுத்தான் போறோம்." அன்றிரவு வேளாங்கண்ணியில் எங்கள் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் 2004 டிசம்பர் 26ஐப் பார்த்தவர்கள். அப்போது பூம்புகார் நாகை மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். "கடல் கொண்ட ஊர்" என்று மீனவர் குடியிருப்புப் பக்கத்தில் நின்று மெகாபோனில் உற்சாகமாகக் கத்துவதற்கு முன்னால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கருவாடு காயப்போடும் அம்மாவுக்கு அது பழங்கதை இல்லை.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். வரிசையை மாற்றுங்கள். கடற்கரையைக் கடைசியில் வையுங்கள். மயிலாடுதுறையிலிருந்து வந்தாலும் சீர்காழியிலிருந்து வந்தாலும் முதல் நிறுத்தம் கீழையூர்த் துறையாக இருக்கட்டும். வெயில் ஏறுவதற்குள் அது முடிந்துவிடும். அடுத்து விகாரை. அதற்கப்புறம் அருங்காட்சியகம். கடலடி ஆய்வுக்கென்றே 1997இல் தொடங்கியது, சின்னதுதான், விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு கலைக்கூடம். துறையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தச் சிற்பங்களில் படகு வரும்போது கை தானாக அங்கே போகும். கடைசியில் கடல். எல்லாம் சேர்த்து அரை நாள் ஆகும். அரை நாளுக்கு எங்கே போவது என்கிறீர்களா? திருவெண்காட்டையோ தரங்கம்பாடியையோ அடுத்த வருடத்துக்கு ஒத்திப்போடுங்கள். ஆறு ஊரை ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்குப் பிள்ளைகளின் பெற்றோர் காசு கொடுக்கவில்லை. டிரைவர் முணுமுணுப்பார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும், என் அனுபவம்.

போவதற்கு முந்தின நாள் வகுப்பில் இருபது நிமிஷம் செலவழியுங்கள். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே சோலைக்குள் நாளங்காடி என்று கரும்பலகையில் ஒரு படம் போட்டுவிடுங்கள். அளவு சரியாக வர வேண்டியதில்லை. கடல் பக்கம் மருவூர்ப்பாக்கத்தில் யவனர் வீடும் பரதவர் வீடும் உப்பு விற்பவரும் மீன் விற்பவரும். மேற்கே பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் வணிகர் வீதியும். அந்தப் படத்தோடு பஸ் ஏறும் பிள்ளை ஜன்னல் வழியே மேலையூர், கீழையூர், சாயாவனம் என்று பலகைகளைப் பார்க்கும்போது தான் எந்தப் பாக்கத்தில் இருக்கிறோம் என்று யோசிக்கும். உங்களிடம் கேட்கும். நமக்குப் பதில் தெரியாமல் போகலாம். பரவாயில்லை, சேர்ந்து தேடுங்கள். கடலை மட்டும் கைகாட்டிவிடாதீர்கள்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எங்காவது இதைப் படிக்க நேர்ந்தால்: கீழையூரில் இருக்கிறதம்மா. மன்னித்துக்கொள், நான் தாமதமாகத்தான் பார்த்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர்,
மயிலாடுதுறை

பி.கு.: கீழையூரில் கழிப்பறையை நம்பி வராதீர்கள். முக்கியமாகப் பெண்பிள்ளைகளை அழைத்துவருபவர்கள் மயிலாடுதுறையிலோ சீர்காழியிலோ நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். குடிதண்ணீரும் கையோடு இருக்கட்டும். புளிசாதப் பொட்டலத்தைத் துறைக்குப் பக்கத்தில் பிரிக்க வேண்டாம், இலையும் பிளாஸ்டிக் கப்பும் பள்ளத்துக்குள் விழுந்தால் எடுக்க ஆளில்லை.